முன்கவையின் கதை

தமிழிலே 'வில்வண்டி' என்றொரு பழஞ்சொல் உண்டு. அச்சுக்கும் ஆசனத்துக்கும் இடையில் உருக்குத் தகடுகளை வில்லைப் போல வளைத்து அடுக்கி, சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் அமர்ந்திருப்பவர் உடல் குலுங்காத வண்ணம் கட்டப்பட்ட மாட்டுவண்டி அது. வசதி படைத்தோர் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டி. நெல்லும் எருவும் ஏற்றிய கட்டைவண்டிக்கு வில் கிடையாது. ஆகவே, வழியின் அதிர்வை இடையிலே வாங்கிக்கொள்ளும் உபாயம் தமிழருக்குப் புதிய செய்தியன்று. அந்த வில்லை இரண்டு சக்கரத்தில் ஓடும் மெலிந்த வண்டியொன்றில் எங்ஙனம் பொருத்துவது என்பதுதான் ஒன்றரை நூற்றாண்டாகப் பலரை வருத்திய கேள்வி. அதற்குக் கிடைத்த விடைகளிற் பல கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டைக் கடைகளின் வழியாகவே இந்நாட்டு வீடுகளை அடைந்தன.

கோட்டைக்குப் புறத்தே எழுந்த ஊர் ஆதலின் அது புறக்கோட்டை ஆயிற்று. சிங்களத்தில் வழங்கும் 'பிட்டகொட்டுவ' என்பதற்கும் பொருள் அதுவே. ஆங்கிலேயர் வழங்கிய 'பெற்றா' என்ற பெயரோ நம்முடைய 'பேட்டை' என்ற சொல்லின் திரிபாகும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வணிகம் என்பது அங்குள்ள வழக்கம். பொன் வாங்குவோர் செட்டியார் தெருவுக்குச் செல்வர். துவிச்சக்கரவண்டியும் அதன் உதிரிப்பாகங்களும் வேண்டுவோர் புதுக்கடை நீதிமன்றங்களை நோக்கிச் செல்லும் டாம் வீதிக்குச் செல்வர். நாட்டாமிகள் மூட்டை ஏற்றி இழுக்கும் கைவண்டிகளுக்கு வில்லும் இல்லை, சுருளும் இல்லை. அவற்றின் அதிர்வு முழுவதையும் இழுப்பவர் தோளே வாங்குகிறது. அவற்றுக்கு விலகி வழிவிட்டுக்கொண்டே டாம் வீதிக்குள் நுழைந்தால், கூரையிலிருந்து தொங்கும் சக்கர வளையங்களுக்கும் அடுக்கிவைத்த ரயர்களுக்கும் நடுவே, வண்டியின் முற்பாகமாகிய கவைகள் வரிசையாகச் சாத்தப்பட்டிருப்பதைக் காணலாம். கடைக்காரர் 'போர்க்' என்பர். மேலே ஒரு தண்டும் கீழே இரு கால்களுமாய்ப் பிரிந்து முன்சக்கரத்தைப் பற்றிநிற்கும் அவ்வுறுப்பை முன்கவை என்று சொல்வது பொருத்தம்.

வண்டியோட்டி மீது விழும் அடியை முதலில் ஏற்பது முன்கவையே. 1860களில் பாரிஸ் நகரில் மிஷோ குடும்பத்தார் பட்டறையில் உருவான மிதிவண்டிக்கு மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும் இருந்தன. கல் பரவிய தெருவில் அதனைச் செலுத்தியவர்கள் பட்ட பாட்டைக் கண்டு, 'எலும்பாட்டி' என்று பொருள்படும் பட்டப்பெயரை ஆங்கிலேயர் அதற்கு இட்டனர். அவ்வண்டியின் இருக்கை ஒரு நீண்ட உருக்கு வில்லின் மேல் அமைந்திருந்தது. அதாவது வில்வண்டியின் உபாயம் அங்கும் முதலில் இருக்கைக்குத்தான் வந்தது. கைகளைக் காக்க ஒருவரும் நினைக்கவில்லை. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லியின் 'றோவர்' வண்டி வெளிவந்தது. ஏறத்தாழச் சம அளவான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்ட அதுவே இன்றைய வண்டிகள் யாவற்றுக்கும் மூதாதை. முன்சக்கரம் சிறுத்தமையால் அதிர்வு மிகுந்தது. அதே ஆண்டளவில் லின்லி, பிக்ஸ் என்னும் கூட்டாளிகள் 'விப்பெற்' என்ற பெயரில், கைப்பிடி, இருக்கை, பெடல் மூன்றையும் சட்டத்திலிருந்து பிரித்துச் சுருள்வில்லில் தொங்கவிட்ட வண்டியொன்றைச் செய்தனர். அந்நாட்களில் வில் பொருத்திய கவைகளும் சட்டங்களும் பல தோன்றின. அவை வளர்ந்திருந்தால் இக்கட்டுரையின் பிற்பகுதி நூறாண்டு முன்னரே நிகழ்ந்திருக்கும்.

வளரவிடாமல் தடுத்தது காற்று. ஸ்கொத்லாந்தில் பிறந்து பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராய் இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் மூன்று சக்கரச் சிறு வண்டிக்கு இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சுற்றிப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1845இலேயே றொபேட் வில்லியம் தொம்சன் என்ற மற்றொரு ஸ்கொத்லாந்துக்காரர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்ததை டன்லொப் அறியார். பின்னர் அது வெளிப்பட்டபோது அவருடைய உரிமை செல்லாதாயிற்று. ஆயினும் 1889இல் பெல்பாஸ்ற் பந்தயமொன்றில் வில்லி ஹியூம் என்பவர் காற்று ரயர் பூட்டிய வண்டியில் வென்ற பின்பு, உலகம் உரிமையைப் பற்றி ஆராயாமல் ரயரை வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் வில்கவைகள் மறைந்தன. சக்கரத்தின் விளிம்பிலேயே மெத்தை வந்துவிட்டபோது கவைக்கு வில் எதற்கு என்று செய்வோரும் வாங்குவோரும் கருதினர்.

இவ்விடத்தில் இலங்கைக்கு ஒரு பங்குண்டு. பிறேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் கப்பலில் வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. டன்லொப்பின் ரயருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக! தேவை தோன்றுமுன்னே மரம் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் பரவிற்று. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கை இந்நாட்டுக்குச் சோறு தந்த கதையை நேயர்கள் அறிவர். தோட்டத்துப் பால் புகையூட்டிய தட்டாகிக் கப்பலேறியது. அன்னிய நாட்டு ரயர் மறு கப்பலில் இறங்கியது. இதில் இலாபம் எந்தக் கரையில் தங்கியது என்பது வேறொரு பேச்சுக்குரிய பொருள்.

காற்று ரயர் வந்ததன் பின் ஏறத்தாழ நூறாண்டு காலம் நம்மவர் அறிந்த கவை, அசையாத உருக்குக் கவையே. றலி, ஹம்பர் முதலிய ஆங்கில வண்டிகள் அனைத்திலும் அதுவே இருந்தது. அதன் கால்கள் நுனியில் சற்று முன்னோக்கி வளைந்திருக்கும். கைப்பிடியின் திருப்பம் அளவோடு அமைவதற்கே அவ்வளைவு. ஆயினும் நுனி நோக்கி மெலியும் உருக்குக் குழாய், சிறு குலுக்கங்களுக்குத் தானும் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். அந்தக் கவைக்கு வீட்டிலே செய்யவேண்டிய பணி ஒன்றே. சட்டத்தின் தலைக்குழாயில், மேலும் கீழும் உள்ள கிண்ணங்களில் உருளும் சிறு உருக்குக் குண்டுகளுக்குக் கிறீஸ் இட வேண்டும். கீழ்க்கிண்ணமே முதலில் கெடும். வீதியின் அடி முழுவதும் அதிலே இறங்குகிறது. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீரும் அதன் மேலேதான் படுகிறது. கிறீஸ் வற்றினால் குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் பதிக்கும். கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் 'கடக்' என்று தடுத்து நிற்கும். அந்நிலை அடைந்த கிண்ணத்துக்குக் கிறீஸ் மருந்தாகாது, மாற்றவே வேண்டும்.

இதனைப் பழைய தலைமுறையினர் நன்கு அறிந்திருந்தனர். வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, கவையைக் கழற்றி, குண்டுகளை ஒரு தகரப் பேணியில் இட்டு மண்ணெண்ணெயில் அலசி, எண்ணிப் பார்த்துத் திரும்பப் பதிப்பது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிய வேலை. ஒரு குண்டு தொலைந்தால் முற்றம் முழுவதும் பெருக்கித் தேடுவர். ஆயுத பூசைக்குச் சந்தனம் இடுமுன் வண்டி எப்படியும் கழுவப்பட்டது. அந்த வகையில் பூசையினால் வண்டிக்கும் நன்மை விளைந்தது என்றே கொள்ளலாம்.

கவையின் அதிர்வு போரிலும் கேட்டது. 1941 டிசெம்பரில் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கான துவிச்சக்கரவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். வெப்பத்தில் ரயர்கள் வெடித்தபோது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டினர். தார் வீதியில் எழுந்த அப்பேரோசையை இரவில் கேட்டவர்கள், கவச வாகனங்கள் வருகின்றன என்று மயங்கியதும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்று மலாயா இரயில்வேயிலும் கந்தோர்களிலும் பணிபுரிந்த குடும்பங்கள் பல அப்போது அங்கே இருந்தன. அரை நூற்றாண்டு கழித்து அவர்களுடைய சொந்த மண்ணிலும் துவிச்சக்கரவண்டியே மக்களின் ஒரே வாகனம் ஆகும் நாள் வந்தது.

புறக்கோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள பிணைப்பு பழையது. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, கொழும்புச் சரக்கோடும் பயணிகளோடும் வடக்கே சென்றது. அங்கிருந்து சுருட்டும் வெங்காயமும் கொழும்பு வந்தன. 1983 யூலையில் புறக்கோட்டைத் தமிழர் கடைகள் பல எரிந்தன. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது; மீண்டும் அது யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 ஒக்ரோபரிலேதான். இடைப்பட்ட தடைக் காலத்தில் எரிபொருளும் மின்கலமும் குடாநாட்டுக்கு எளிதில் செல்லவில்லை. ஆசிரியரும் வைத்தியரும் விறகு விற்போரும் மணமக்களும் துவிச்சக்கரவண்டியிலே சென்றனர். வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்டனர். செய்தி முடியும்வரை கை ஓயக்கூடாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர், செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். ஓட்டிச் செல்ல இடமில்லை; வண்டிகளை உருட்டியே சென்றனர். அரிசி மூட்டையும் பாத்திரங்களும் கைப்பிடியில் தொங்கின. பின்தட்டில் முதியோர் அமர்ந்திருந்தனர். ஒருவரைச் சுமக்கவென்று நொட்டிங்ஹாமிலும் பேர்மிங்காமிலும் வார்த்தெடுத்த கவைகள் அன்று ஒரு குடும்பத்தையே தாங்கின. புதிய பாகம் கிடைக்காத அவ்வாண்டுகளில், மோதி உள்வாங்கிய கவையைப் பட்டறையில் சூடாக்கி நிமிர்த்தி மீண்டும் பூட்டினர். அவ்வாறு நிமிர்த்திய உருக்கு முன்னைய வலிமையுடையதன்று. ஆனால் வேறு வழி இல்லாதபோது அதுவே வழி.

வடக்கே இவ்வாறு பழைய கவையைக் காத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் கவைக்கு மீண்டும் வில் முளைத்திருந்தது. இடையிலும் முயற்சிகள் நிகழாமல் இல்லை. மோட்டார்ச் சைக்கிளுக்கு, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய்களையும் எண்ணெய்த் தணிப்பையும் கொண்ட கவையை ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935இல் தன் விற்பனை வண்டியில் பொருத்தியது. இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்ற்றன் 1962இல் சிறு சக்கர வண்டியொன்றை வெளியிட்டு, அதன் முன்னும் பின்னும் இறப்பரை வில்லாக அமைத்தார். 'மினி' மோட்டார் வண்டிக்கு இறப்பர் வில் வகுத்தவரும் அவரே.

பெரிய மாற்றம் மலையிலே பிறந்தது. கலிபோர்ணியாவின் மரீன் பகுதியில் இளைஞர் சிலர் பழைய பாரமான வண்டிகளைத் தேடி எடுத்து, டமல்பைஸ் மலைச்சரிவில் உருட்டி விளையாடினர். 1976இல் மரீன் பகுதியில் தொடங்கிய பந்தயத்துக்கு 'றீபாக்' என்று பெயர். பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்த பிறேக்கு, இறக்கத்தின் சூட்டில் கிறீஸ் முழுவதையும் புகையாக்கிவிடும். கீழே வந்ததும் மறுபடி கிறீஸ் அடைக்க வேண்டும். 'மீள அடைத்தல்' என்பதே அப்பெயரின் பொருள். ஒரு விளையாட்டு அதன் பராமரிப்பு வேலையால் பெயர் பெற்றது வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே. 1977இல் ஜோ பிறீஸ் அதற்கென்றே சட்டம் கட்டினார். அடுத்த பத்தாண்டில் மலைவண்டி உலகெங்கும் பரவிற்று. மோட்டார்ச் சைக்கிள் பட்டறைகளில் பயின்ற போல் ரேணர், ஸ்ரீவ் சைமன்ஸ் என்பவருடன் கூடி 1989இல் 'றொக்சொக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றும் எண்ணெயும் கொண்டு ஏறத்தாழ இரண்டு அங்குலம் அமிழும் அவர்களுடைய முதற் கவையைப் பூட்டிய நெட் ஓவரென்ட், 1990இல் கொலறாடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலக வெற்றிப் போட்டியில் முதலிடம் பெற்றார். அதன் பின் வில்லில்லாக் கவையோடு மலையிறங்குவோர் அருகினர். 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கிலும் மலைவண்டி இடம்பெற்றது.

அக்கவையின் உள்ளமைப்பை அறிந்தால் பராமரிப்பு தானே விளங்கும். மேலே ஒளிவிடும் இரு குழாய்கள்; அவை கீழேயுள்ள இரு பருத்த உறைகளுக்குள் நழுவி ஏறியிறங்கும். ஒரு காலில் சுருள்வில்லோ அடைத்த காற்றோ இருக்கும். வில் தான் வாங்கிய அடியை அப்படியே திருப்பித் தரும் இயல்பினது. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் நெடுநேரம் ஆடுவதைப் போல, வில் மட்டும் உள்ள வண்டி பள்ளத்தைக் கடந்த பின்னும் துள்ளிக்கொண்டேயிருக்கும். ஆதலால் மறுகாலில் எண்ணெய் வைக்கப்படுகிறது. கவை அமிழ்ந்து எழும்போது அவ்வெண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கித் தள்ளப்பட்டு, துள்ளலின் வேகம் வெப்பமாக மாறி அடங்கும். உறையின் வாயிலே இறப்பர் வளையம் ஒன்று தூசியைத் தடுக்கும். கடையில் அதனைச் 'சீல்' என்பர். அதன் கீழே எண்ணெய் ஊறிய பஞ்சு வளையம் இருக்கும். குழாய் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பஞ்சு அதற்கு எண்ணெய் பூசிவிடும். சீல் கெட்டால் மணல் உட்செல்லும். மணல் சென்றால் குழாய் தேயும். தேய்ந்த குழாயை எந்தப் பட்டறையும் நிமிர்த்தித் தராது. பழைய கவைக்கும் புதிய கவைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்: முன்னையது கெட்ட பின்னும் ஒருவாறு திருத்தத்தக்கது; பின்னையதைக் கெடுமுன் பேணவேண்டும்.

1990களிலும் அதன் பின்னரும் மலைவண்டியின் தோற்றம் கொண்ட வண்டிகள் டாம் வீதியை நிரப்பின. பருத்த ரயரும் வில்கவையும் சிறுவர் மனத்தைக் கவர்ந்தன. ஏறுவதற்கு மலை இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. அவற்றுள் விலை குறைந்தவற்றின் கவையில் பெரும்பாலும் சுருள்வில் மாத்திரமே உண்டு. எண்ணெய்த் தணிப்பு இல்லை. வெள்ளவத்தையின் கடலோர வீட்டிலும் கொட்டாஞ்சேனையின் துறைமுகக் காற்றிலும் அது இரண்டொரு பருவமழை நனைந்தால், உள்ளே கிறீஸ் வற்றி, வில் துருவேறி, கால்கள் இறுகிவிடும். அதன் பின் அது அசையாத கவையே. பழைய றலியின் கவையைவிடப் பாரம் கூடியது என்பது மட்டுமே மிச்சம். வீட்டார் அதனைக் குறையாகக் காண்பதில்லை. வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடுவர்.

2022இல் அந்த அலட்சியத்துக்கு விலை கொடுக்க நேர்ந்தது. அந்நியச் செலாவணி வற்றி, யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றி எரிபொருள் வழங்குவது நிறுத்தப்பட்டபோது, நகரமே துவிச்சக்கரவண்டியைத் தேடியது. கொட்டிலில் கிடந்த வண்டிகள் வெளியே வந்தன. புதியவற்றின் விலை வெகுவாக ஏறியது. இறக்குமதிக் கட்டுப்பாடு 2020 முதலே இருந்தமையால் உதிரிப்பாகமும் அரிதாயிற்று. அப்போது இறுகிய கவையைக் கழற்றிக் கிறீஸ் இட அறிந்த வீட்டாரும், அறியாமல் திருத்துநர் வாசலில் காத்திருந்த வீட்டாரும் என இருவகையினர் இருந்தனர். அந்த அறிவு கடினமானதன்று.

முதற்பணி, ஓட்டி வந்தவுடன் மென்மையான சுத்தமான துணியால் மேற்குழாய்களையும் சீலின் விளிம்பையும் துடைத்தல். இதற்கு அரை நிமிடம் போதும். கவையின் ஆயுளில் பாதி இதிலேதான் இருக்கிறது. துடைக்கும்போதே விரலால் தடவிப் பார்த்தால் கீறல் தெரியும். கூரிய விளிம்புள்ள சிறு கீறலை மிக மெல்லிய நீர்த்தாளால் மட்டப்படுத்தி, பள்ளத்தை நகப்பூச்சினால் நிரப்புவது பலர் கையாளும் உபாயம். வீட்டுப் பெண்களின் அனுமதி பெற்றே செய்தல் நலம். கழுவும்போது வாளித் தண்ணீரும் கடற்பஞ்சும் போதுமானவை. மோட்டார் வண்டி கழுவும் நிலையத்தின் விசைநீரைச் சீலுக்கு நேரே பிடித்தால், வெளியேற வேண்டிய மணல் உள்ளே குடிபுகும்.

இங்கே பழைய பழக்கமொன்றை விலக்க வேண்டியிருக்கிறது. தலைக்குழாயின் உருக்குக் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசியது சரியே. அதே மண்ணெண்ணெயைச் சீலின் மீது பூசுதல் தவறு. பலவகை இறப்பர் அதனால் பருத்து நெகிழ்ந்துவிடும். துருப்பிடித்த ஆணிகளை இளக்கத் தெளிக்கும் மெல்லிய எண்ணெயும் ஆகாது. அது உள்ளிருக்கும் நல்ல எண்ணெயையும் கிறீஸையும் கரைத்து ஓடச்செய்யும். குழாய் பளபளப்பதைக் கண்டு மகிழ்பவர் சில வாரங்களில் அதன் முனகலைக் கேட்பார்.

அடுத்தது அசைவைச் சோதித்தல். முன்பிறேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் எங்கோ ஒரு தளர்ச்சி தட்டும். தலைக்குழாயின் இடைவெளியில் விரலை வைத்தபோது அது உணரப்பட்டால் குண்டுக் கிண்ணத்தை இறுக்கினால் போதும். சீலின் வாயில் உணரப்பட்டால் உள்ளேயுள்ள வழுக்கு வளையங்கள் தேய்ந்துவிட்டன. அது கடைக்குரிய வேலை. காற்றுக் கவையாயின் அதன் அழுத்தத்தையும் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும். அதற்கென அளவுமானியுடன் கூடிய சிறு பம்பு உண்டு. ரயருக்குக் காற்றடிக்கும் பம்பு இதற்கு உதவாது. கவையின் காற்றறை மிகச் சிறிதாகையால் ஒரு தள்ளலிலேயே அளவு தவறிவிடும். ஓட்டுபவர் வழக்கமான உடையுடன் ஏறி அசையாது நிற்கையில், 100 மில்லிமீற்றர் அமிழும் கவை 15 முதல் 25 மில்லிமீற்றர் வரை தாழ்ந்தால் அழுத்தம் ஏற்றதென்று கொள்வர். தந்தைக்கு அளந்த அழுத்தம் மகனுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, கீழுறைகளைக் கழற்றிச் சுத்தம் செய்தல். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இதனை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யுமாறு சில நிறுவனங்கள் கூறுகின்றன. வேறு சில 125 மணி அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்கின்றன. நாளொன்றுக்கு ஒரு மணி ஓட்டுபவருக்கு 50 மணி என்பது இரண்டு மாதத்தினும் குறைவு. நகர வீதியில் மாத்திரம் செல்பவர் அத்தனை அவசரப்பட வேண்டியதில்லை. ஆயினும் தென்மேற் பருவமழை ஓய்ந்த பின்பு ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் கொழும்புக்கு ஏற்ற ஒழுங்கு.

முன்சக்கரத்தையும் பிறேக்கையும் முதலில் அகற்ற வேண்டும். தகட்டுப் பிறேக்கின் மீது ஒரு துளி எண்ணெய் பட்டாலும் அது பிடிக்காது. ஆகவே அவற்றை வேறோர் இடத்தில் வைப்பதே விவேகம். காற்றுக் கவையாயின் காற்று முழுவதையும் வெளியேற்றிய பின்பே ஆணியைத் தொடலாம். இதில் விளையாட்டில்லை, அழுத்தத்தோடு திறந்த கவை கையை உடைக்கும். பின்பு உறைகளின் அடியிலுள்ள இரு ஆணிகளையும், அலன் கீ எனப்படும் அறுகோணச் சாவியால் மூன்று நான்கு சுற்றுகள் மட்டும் தளர்த்தி, இறப்பர்ச் சுத்தியலால் அவற்றின் தலையில் மெல்லத் தட்டினால் உள்ளிருக்கும் தண்டு விடுபடும். ஆணியை முழுவதும் எடுத்துவிட்டுத் தட்ட முயல்வோர் தண்டின் மரையைக் கெடுத்துக்கொள்வர். விடுபட்டதும் ஆணிகளை எடுத்து, கீழே ஒரு தட்டம் வைத்து, உறைகளை மெல்ல இழுத்தால் கறுத்த எண்ணெய் வடியும். அதன் நிறமே கவையின் ஆரோக்கியத்தைச் சொல்லும். பால் கலந்த தேநீர்போல் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

உறையின் உட்புறத்தைத் துணி சுற்றிய கோலினால் துடைத்து, பஞ்சு வளையங்களை எடுத்துப் பிழிந்து புதிய எண்ணெயில் ஊறவைத்து, சீலின் உள்விளிம்பில் அதற்குரிய கிறீஸை மெல்லியதாகப் பூசி, உறைகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். பாதி ஏறிய நிலையில் அடித்துவாரத்தின் வழியே ஒவ்வொரு காலுக்கும் குறித்த அளவு எண்ணெய் இடப்படும். அவ்வளவு பெரும்பாலும் 5 முதல் 20 மில்லிலீற்றருக்குள் அமையும். மருந்துக்கடை ஊசிக்குழல் அளப்பதற்கு உகந்தது. கூடுதலாக விட்டால் கூடுதல் நன்மை என்று எண்ணலாகாது. உறைக்குள் எண்ணெய் மிகுந்தால் கவை முழுவதும் அமிழ இடமிருக்காது. ஆணியை அளவோடு இறுக்கல் வேண்டும். உறைகள் இலேசான உலோகத்தால் ஆனவை. இரும்பு வண்டியில் பழகிய கை அதன் மரையை எளிதில் கிழித்துவிடும்.

சுருள்வில் மட்டும் உள்ள மலிவுக் கவைக்கு வேலை இன்னும் எளிது. எண்ணெய் அளவு இல்லை. பழைய கிறீஸை வழித்தெடுத்து, வில்லிலும் வழுக்கு வளையங்களிலும் புதிய கிறீஸைத் தாராளமாகத் தடவிப் பூட்டினால் ஓர் ஆண்டுக்குக் கவலை இல்லை. விலை குறைந்த கவைதானே என்று இதனைச் செய்யாது விடுவோர் பலர். செய்தால் அதிகப் பயன் அடையும் கவையும் அதுவே.

எண்ணெய்த் தணிப்பு அறையைத் திறப்பது மட்டும் வீட்டு வேலையன்று. அதற்குத் தனிக் கருவிகளும் காற்றுக் குமிழ் நீக்கும் பயிற்சியும் வேண்டும். கவையை அமிழ்த்திவிட்டால் உள்ளே சளசளவென்ற ஓசை எழுவதும், அது தடையின்றித் துள்ளி மேலெழுவதும், உறையின் அடியில் எண்ணெய் கசிவதும் அவ்வேலைக்குக் காலம் வந்ததன் அறிகுறிகள். கவையின் தலைப்பகுதியில் வெடிப்போ, கால்களில் வளைவோ காணப்பட்டால் திருத்தம் பற்றிய பேச்சே வேண்டா. அக்கவையை மாற்றும்வரை வண்டியில் பிள்ளைகளை ஏற்றலாகாது.

டாம் வீதிக்குச் சீல் வாங்கச் செல்பவர் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுதல் நல்லது. மேற்குழாயின் விட்டம் 28, 30, 32, 34 மில்லிமீற்றர் எனப் பலவகைப்படும். கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணையே. கவையின் பெயரும் ஆண்டும் தலைப்பகுதியின் பின்புறத்தில் ஒட்டிய சிறு தாளில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். இல்லையேல் பழைய சீலையே ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதனைப் பார்த்தவுடன், பின்னறையிலுள்ள எந்தப் பெட்டியில் அதன் சோடி இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அத்தெருவில் உளர்.